இரவில் எழுதினால் மனசு அடங்காமல் இன்னும் கிளறிக்கொள்கிறதே, ஏன்?

பூவரசு:

படுக்கப்போகும் முன் மனசில் ஓடுவதை நோட்டில் எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். எழுதிப் பார்க்கிறவர்களில் நிறையப் பேருக்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஒரு பக்கம் என்று உட்கார்ந்தால் நாலு பக்கம் ஓடுகிறது. இன்றைக்கு ஆபீசில் நடந்ததில் தொடங்கி, போன வருஷம் கல்யாண வீட்டில் யாரோ சொன்ன சொல்லில் வந்து நிற்கிறது. நோட்டை மூடும்போது மனசு நன்றாகச் சூடேறிப் போயிருக்கிறது, தூக்கம் போயே போய்விட்டது.

முறை தப்பா, நேரம் தப்பா, இல்லை எல்லாருக்கும் ஒத்துவராத சமாச்சாரமா இது? "மனம் போனபடி எழுதுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். எத்தனை நிமிஷம், எந்த நேரம், என்ன எழுதுவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உபயோகமாக இருக்கும். நாலு பேர் இருக்கிற வீட்டில் நோட்டை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மைக்கூடு:

மனம் போனபடி எழுதுவதில்தான் கோளாறே இருக்கிறது. பகலெல்லாம் மண்டைக்குள் சுற்றிய அதே வாக்கியங்கள் ராத்திரி தாளில் சுற்றுகின்றன, அவ்வளவுதான். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?", "அவர் எப்படி அப்படிச் சொல்லலாம்?" மாதிரிக் கேள்விகளுக்குப் பேனா பிடித்தாலும் பதில் வராது. உளவியலில் இதை அசைபோடுதல் என்பார்கள். இப்படி அசைபோடுகிறவர்களுக்குச் சோகம் சீக்கிரம் விலகுவதில்லை என்று சூசன் நோலன்-ஹோக்சிமா 1991லேயே எழுதினார்.

முதலில், படுத்ததும் வருகிற எண்ணம் எந்த ரகம் என்று பாருங்கள். பெரும்பாலான இரவுகளில் அது பழைய காயமாக இருக்காது. நாளைக்குச் செய்யவேண்டியது, செய்யாமல் விட்டது, யாருக்கோ சொல்ல மறந்தது என்றுதான் இருக்கும். அதற்கு டைரி வேண்டாம், பட்டியல் போதும். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, அதற்கு முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு அடுத்த சில நாளில் செய்யவேண்டியதை எழுதியது, இன்னொரு குழு ஏற்கெனவே முடித்த வேலைகளை எழுதியது. செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்த கணக்கில்லை இது, மூளை அலைகளைப் பதிவு செய்து எடுத்த அளவு. பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. முடித்த வேலைகளை விவரமாக எழுதியவர்களிடம் போக்கு இதற்குத் தலைகீழ். அன்றைய நாளை ஒப்பிக்கிற டைரி தூக்கத்துக்கு உதவாது என்பதற்கு இது ஒரு தடயம்.

விவரம் என்றால் எப்படி? "கரண்ட் பில்" என்று எழுதினால் மனசு விடாது. "கரண்ட் பில், காலையில் காபி குடித்ததும் போனிலேயே கட்டணும், சர்வீஸ் நம்பர் பழைய ரசீதில், ரசீது டிவி ஸ்டாண்டு டிராயரில்" என்று எழுதினால் விட்டுவிடும். ஒவ்வொரு வரியிலும் செய்யும் செயல், நேரம், முதலில் கை வைக்கவேண்டிய இடம் மூன்றும் இருக்கணும். அலாரம் 5 நிமிடம். வரிகள் கூடினால் பரவாயில்லை. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தால் அங்கேயே கோடு போட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும்.

கையில் எடுத்து முடிக்கிற வேலையாக இல்லாத கவலை வந்தால் (பையனுக்கு வேலை கிடைக்குமா, வீட்டுக்காரர் வாடகை ஏற்றுவாரா), அதை ஒரே வரியில் எழுதிப் பக்கத்தில் "நாளை 5.30" என்று போடுங்கள். நாளை 5.30க்கு உண்மையிலேயே உட்கார வேண்டும். கவலைக்கென்று தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி என்று ஒதுக்குகிற இந்த முறையை போர்கோவெக்கும் அவர் குழுவினரும் 1983ல் சோதித்துப் பார்த்தார்கள். இடம் படுக்கையறையாக இருக்கக் கூடாது. ராத்திரி வருகிற கவலையை "5.30க்கு வா" என்று திருப்பி அனுப்ப முடிவது, 5.30க்கு அதை ஏமாற்றாமல் நேரம் கொடுத்துப் பழக்கினால்தான்.

ஆறாம்திணை:

மைக்கூடு சொன்னது நாளையைப் பற்றிய கவலைக்கு. கல்யாண வீட்டில் விழுந்த சொல் மாதிரிப் பழைய காயம் என்றால் முறையே வேறு. அதைப் படுக்கைக்கு முன்னால் தொடவே கூடாது.

இதற்கு மூலம் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ல் வெளியிட்ட ஆய்வு. 46 கல்லூரி மாணவர்கள், தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம். அவர்களில் பெரும்பாலோரை வாழ்க்கையில் மனசை மிகவும் வருத்திய சம்பவத்தைப் பற்றியும் மற்றவர்களைச் சாதாரண விஷயங்களைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். வருத்திய சம்பவத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனநிலை மோசமாகத்தான் ஆனது, ரத்த அழுத்தமும் கூடியது. அடுத்த 6 மாதத்தில், சம்பவத்தையும் அதோடு வந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரி சுகாதார மையத்துக்குப் போவது குறைந்தது. ஆக, எழுதி முடித்ததும் கனம் கூடுவது இந்த முறையில் எதிர்பார்க்கவேண்டிய ஒன்று. பலன் தெரிவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கனத்தோடு நேரே தலையணைக்குப் போனால் விடிய விடிய விழித்திருக்க வேண்டியதுதான். பூவரசின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

செய்யும் விதம் இது. அடுத்தடுத்து 4 நாள் காலியாகக் கிடைக்கிற வாரமாகப் பாருங்கள். சாயங்காலம் 5லிருந்து 7க்குள், 15 முதல் 20 நிமிடம், அலாரம் வைத்து. பேனாவைத் தூக்காமல் எழுத வேண்டும். ஒற்றுப்பிழை, சந்தி எதையும் பார்க்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றினால் கடைசி வரியையே மறுபடி எழுதுங்கள், அடுத்தது தானாக வரும். முடித்த பிறகு ஒரு கால் மணி சும்மா விடுங்கள். முகம் கழுவுவது, மொட்டை மாடியில் நடப்பது, துணி மடிப்பது எதுவானாலும் சரி. எழுந்த வேகத்தில் பிள்ளையின் ஹோம்வொர்க்கைக் கையில் எடுத்தால் திட்டு பிள்ளைக்குத்தான் விழும்.

நாலு நாளும் ஒரே கதையை ஒரே மாதிரிச் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு. இதைத் தவிர்க்க நாளைப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் நடந்ததும் அப்போது உடம்பிலும் மனசிலும் பட்டதும். இரண்டாம் நாள், அந்தச் சொல் ஏன் அவ்வளவு ஆழமாக இறங்கியது, அதற்கு முன்னால் எதெல்லாம் சேர்ந்திருந்தது. மூன்றாம் நாள் "நான்" என்பதை எடுத்துவிட்டு, உங்களையே "அவள்" அல்லது "அவன்" என்று வைத்து, அந்தப் பந்தலில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் பார்த்ததுபோல எழுதுங்கள். நாலாம் நாள், இப்போது இதை வைத்து என்ன செய்வது: பேசுவதா, விடுவதா, தள்ளி நிற்பதா. இந்தப் பிரிவு சட்டம் இல்லை, சுற்றிச் சுற்றி வராமல் இருக்க ஒரு பிடிமானம்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பென்னிபேக்கர் பிறகு எழுத்துகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு வார்த்தை வார்த்தையாக எண்ணினார். உடல்நலம் தேறியவர்களின் எழுத்தில் நாள் போகப் போகக் காரணம் சொல்லும் சொற்களும் புரிந்துகொண்டதைக் காட்டும் சொற்களும் கூடின. நம் எழுத்தில் அவை "அதனால்தான்", "ஏனென்றால்", "இப்போது பார்த்தால்", "அன்றைக்குத் தெரியவில்லை" என்றெல்லாம் வரும். முதல் நாள் தாளையும் மூன்றாம் நாள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாளிலும் "எப்படிச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்" என்றே ஓடினால் அந்த விஷயத்தை இப்போதைக்கு மூடிவைப்பது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். துக்கமோ விபத்தோ நடந்து சில நாளே ஆகியிருந்தால் இந்த முறையில் இறங்க வேண்டாம், சில வாரமாவது போகட்டும். எந்த விஷயத்தைத் தொட்டால் நிலைகுலைந்து போவோம் என்று தோன்றுகிறதோ, அதை எழுதாதீர்கள். இது பென்னிபேக்கரே வைத்த விதி.

பூவரசு:

பட்டியலும் நாலு நாள் எழுத்தும் புரிந்தது, நன்றி. மூன்றாவது ஒரு ரகம் இருக்கிறதே. நாளைய வேலையும் இல்லை, பழைய காயமும் இல்லை. அன்றைக்கு நடந்த சின்ன விஷயம் ஒன்று முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, டீம் லீடுக்குப் போட்ட மெசேஜில் நீல டிக் வந்தும் பதில் வரவில்லை என்றால் என்ன எழுதுவது?

மைக்கூடு:

அதற்குக் கட்டம் போட்டு எழுதுங்கள். ஆரோன் பெக் வளர்த்தெடுத்த சிந்தனை-நடத்தை சிகிச்சையில் சொல்லித்தரும் முறை இது. தாளைக் குறுக்கே திருப்பிக் கோடு போட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் உதாரணத்தையே போட்டுப் பார்ப்போம்.

நிலைமை: செவ்வாய் மாலை 4.10, மெசேஜ் படித்துவிட்டார், 7 மணி வரை பதில் இல்லை. (கேமரா எடுத்தால் படத்தில் விழுகிறது மட்டும்தான் இந்தக் கட்டத்தில்.)
எண்ணம்: என் மேல் கோபம், அப்ரைசலில் கைவைக்கப் போகிறார்.
உணர்ச்சி: பயம், நூற்றுக்கு 85.
ஆதாரம்: போன வாரம் என் ரிப்போர்ட்டில் இரண்டு தப்பு இருப்பதாகச் சொன்னார்.
எதிர் ஆதாரம்: அந்தத் தப்பைத் திருத்தியதும் "ஓகே" போட்டார். மாலை 4 முதல் 6 அவருக்கு ரிவ்யூ மீட்டிங். சக ஊழியர் கேட்டதற்கும் இன்னும் பதில் இல்லை.
மாற்று வரி: கோபமாகவும் இருக்கலாம், மீட்டிங்கில் மறந்தும் இருக்கலாம், நாளை 10 மணிக்கு நேரில் கேட்டுவிடலாம்.
மறுபடி மதிப்பெண்: பயம் 55.

85லிருந்து 55 என்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. 85லிருந்து நேரே சைபருக்கு வந்தால் சந்தேகப்படுங்கள், மனசுக்கு முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் சறுக்குகிற இடம் பெரும்பாலும் ஆதாரக் கட்டம்தான். "அவர் முகமே சரியில்லை", "அவருக்கு என்னைப் பிடிக்காது" என்று எழுதுவார்கள். அதெல்லாம் இன்னும் சில எண்ணங்கள், ஆதாரம் ஆகாது. பஞ்சாயத்தில் எடுத்து வைத்தால் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தது மாற்று வரி. "எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று எழுதினால் மனசு ஒரு நொடிகூட நம்பாது. மோசமான சாத்தியத்துக்கும் இடம் வைத்த வரியைத்தான் அது ஒத்துக்கொள்ளும். சில சமயம் ஆதாரக் கட்டம் நிஜமாகவே நிரம்பிவிடும், எதிர்க் கட்டம் காலியாக நிற்கும். அப்போது எண்ணம் சரி என்றுதான் பொருள். அந்த ராத்திரி கட்டத்தை விட்டுவிட்டு மேலே சொன்ன பட்டியலுக்குப் போய், நாளை என்ன செய்வது என்று எழுதுங்கள்.

நேரம் 10 நிமிடம். ஒரு நாளைக்கு ஓர் எண்ணம் போதும்.

வடலி:

யாழ்ப்பாணத்தில இருந்து. ஆக்கள் நிறைஞ்ச வீட்டில எழுதிறதைப் பற்றி ஒருத்தரும் தொடேல்லை, அதைச் சொல்லுறன். வேற ஆள் வாசிக்கலாம் எண்ட பயம் இருந்தால் கை தானாகவே பொய் எழுதும். அழகாக எழுதும், நியாயம் கேட்கிற மாதிரி எழுதும். அந்த எழுத்தால ஒரு பிரயோசனமும் இல்லை.

அதால கொப்பியைப் பூட்டி வைக்கிறதை விட, கொப்பியே வேண்டாம் எண்டு வைக்கிறது நல்லம். தனித் தாளில எழுதுங்கோ. ஆறாம்திணை சொன்ன நாலு நாள் எழுத்தை வைச்சிருக்க வேண்டிய தேவையே இல்லை. மூண்டாம் நாள் ஒப்பிட்டுப் பார்க்கிற மட்டும் ஒரு கடித உறையில போட்டு வைச்சு, நாலாம் நாள் கிழிச்சுப் போடலாம். ஜப்பானில நகோயா பல்கலைக்கழகத்தில 2024ல செய்த ஆய்வு ஒண்டு இருக்கு. தங்கட எழுத்தை ஒருத்தர் இளக்காரமாக விமர்சிச்சதைப் படிச்சவையின்ர கோபத்தை அளந்தவை. பிறகு அந்த நேரம் மனசில வந்ததைத் தாளில எழுதச் சொல்லி, சிலரை அந்தத் தாளைக் குப்பையில போடவும் சிலரை வைச்சிருக்கவும் சொன்னவை. எறிஞ்சவைக்குக் கோபம் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கே இறங்கினது, வைச்சிருந்தவைக்கு அவ்வளவு இறங்கேல்லை. கோபத்தில எழுதின தாளுக்கு இது நல்லாப் பொருந்தும்.

கிழிக்கேக்க ஒரு விஷயம். போல்பொயின்ற் மை தண்ணியில கரையாது. ரண்டாக் கிழிச்சுத் தொட்டியில போட்டால் ஆரும் ஒட்டி வாசிக்கலாம். சின்னனாக் கிழிச்சு, வாளித் தண்ணியில ஊறவிட்டு, கையால பிசைஞ்சு கூழாக்கிப் போட்டு எறியுங்கோ.

மைக்கூடு சொன்ன கட்டத்தை மட்டும் எறியாதேங்கோ. ஒரு மாதத்துத் தாளைச் சேர்த்துப் பார்த்தால், அதே எண்ணம் வேற வேற ஆக்களின்ர பேரில வந்து நிக்கிறது தெரியும். "என்னில கோபம்" எண்டது ஒரு நாள் மேலதிகாரியைப் பற்றி, ஒரு நாள் அக்காவைப் பற்றி, ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி. மனசை விளங்கிக் கொள்ளுறதெண்டால் அந்தத் தாள்களில இருந்துதான் தொடங்க வேணும். அதுகளில ஆக்களின்ர பேருக்குப் பதிலா ஓர் எழுத்துப் போட்டால் காணும்.

எந்த மொழியில எழுதிறதெண்டும் யோசிக்காதேங்கோ. மனசில எந்த மொழியில ஓடுதோ அதில, கலந்து ஓடினால் கலந்தே.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, ஆனால் மருந்து மாதிரி நம்பிவிட வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். மனசில் உள்ளதைக் கொட்டி எழுதுவது பற்றி அதுவரை நடந்த 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2006ல் ஜோவான் ஃப்ராட்டரோலி கணக்குப் போட்டார். கிடைத்த சராசரித் தொடர்பு எண் 0.075. பலன் உண்டு, ஆனால் சின்னது. குறைந்தது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 15 நிமிடம், தனிமையில் எழுதியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு நாள் எழுதிவிட்டு "எனக்கு வேலை செய்யவில்லை" என்றால் அது கணக்கிலேயே வராது.

சிலருக்குக் கெடுதலும் உண்டு. டேவிட் ஸ்பாராவின் குழு 2013ல், அண்மையில் துணையைப் பிரிந்தவர்களை வைத்துச் சோதித்தது. ஏற்கெனவே அர்த்தம் தேடித் தேடி அசைபோடுகிற சுபாவம் உள்ளவர்கள் உணர்ச்சிகளை எழுதியதும் மற்றவர்களைவிட மோசமானார்கள். அன்றாடம் என்ன செய்தோம் என்று வறட்சியாக எழுதிய அதே சுபாவக்காரர்கள் தேவலாமாக இருந்தார்கள். பூவரசு சொன்ன நாலு பக்க ஆட்கள் இந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்குப் பட்டியலும் கட்டமும் போதும், நாலு நாள் எழுத்து வேண்டாம் என்பேன்.

"நன்றிப் பட்டியல்" பற்றியும் யாராவது கேட்பீர்கள். எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003ல் வெளியிட்ட முதல் சோதனையில் வாரத்துக்கு ஒரு தடவை, ஐந்து விஷயம் வரை, 10 வாரம். தினமும் எழுதினால் மூன்றாம் நாளே "சாப்பாடு, தண்ணீர், வீடு" என்று அட்டெண்டன்ஸ் ஆகிவிடும்.

தினசரி டைரி என்பதே வேறு ஜாதி. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை எழுதினார். வந்த கப்பல், வியாபாரம், கவர்னர் பேசியது என்று. சரித்திரத்துக்குப் பெரிய பொக்கிஷம். நாம் இங்கே பேசுவது மனசை இறக்கிவைக்க எழுதுகிற எழுத்து.

எழுத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கவேண்டிய நிலையும் உண்டு. வாரத்தில் 3 இரவு அல்லது அதற்கு மேல் தூக்கம் கெட்டு, அது 3 மாதமாக நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு வைத்திருக்கிற அளவுகோல் அதுதான். டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை என்றாலும் போங்கள். சாகலாம் என்ற எண்ணம் தாளில் ஒரு தடவை வந்தாலே பேனாவை வைத்துவிட்டு 14416க்குப் போன் போடுங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண் அது (டெலிமானஸ்), 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

பூவரசு:

கணக்குப்பிள்ளை சொன்ன நாலு பக்க ரகம்தான் என்று தோன்றுகிறது. எதில் ஆரம்பிப்பது, போனில் எழுதலாமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மைக்கூடு:

முதல் இரண்டு வாரம் பட்டியல் மட்டும். ஏதாவது முள் குத்துகிற நாளில் சாயங்காலம் ஒரு கட்டம். ராத்திரி 9க்கு மேல் கட்டம் போடாதீர்கள், கொஞ்சமாவது மூளையைக் கேட்கிற வேலை அது.

போனில் கட்டம் எழுதுவது தாராளமாகச் செய்யலாம், பஸ்ஸில்கூட. படுக்கைப் பட்டியலுக்கு மட்டும் தாள்தான். பட்டியல் எழுதப் போனைத் திறந்தால் பச்சைப் புள்ளியோடு நாலு மெசேஜ் நிற்கும், அதில் ஒன்று டீம் லீடிடமிருந்து வந்திருக்கும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்கு நல்ல அளவு, ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். எழுதியதைத் தலைமாட்டில் வைக்காமல், காலையில் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அடுப்படி மேடையோ, வண்டிச் சாவி மாட்டுகிற ஆணியோ.